சிற்றுரு வண்ணங்களின் ஆயுள்: பாதுகாப்பும் பராமரிப்பும்

சிற்றுருக்கள் எனப்படுபவை, போர்வீரர், விலங்கு, ஊர்தி, விமானம் முதலியவற்றை மிகச் சிறிய அளவில் பிளாஸ்டிக்கிலோ பிசினிலோ உலோகத்திலோ வார்த்து, பின்னர்க் கையால் வண்ணம் தீட்டி முடிக்கும் உருவங்களாகும். எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களைக் கொண்டு ஆடும் போர் விளையாட்டுக்கு விதிகள் வகுத்து 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்னும் நூலை வெளியிட்ட இங்கிலாந்தில், 1975இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனமும் 1979இல் சிட்டாடெல் மினியேச்சர்ஸ் நிறுவனமும் தோன்றிய பிறகு, இந்தப் பொழுதுபோக்கு உலகெங்கும் பரவிய கலையாக வளர்ந்தது. ஜப்பானின் ஷிசுவோகா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1/35 அளவில் வெளியிட்ட பீரங்கி வண்டிகள், கட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் மாதிரிகளை விரும்பும் மற்றொரு பெருங்கூட்டத்தை உருவாக்கின. இவ்விரு சாராருக்கும் பொதுவான மூலப்பொருள், சின்னஞ்சிறு குப்பிகளில் விற்கப்படும் வண்ணமே.

விளையாட்டு மேசையில் நிற்கும் மனித உருவம் ஒன்று, பாதம் முதல் கண் மட்டம் வரை ஏறத்தாழ 28 மில்லிமீட்டர் உயரம் உடையது. அதன் மேலங்கிக்கு ஓரிரு சொட்டு வண்ணமும், கண்ணுக்குத் தூரிகை நுனியில் ஒட்டும் அளவும் போதுமானவை. ஆகவே சிட்டாடெல் வண்ணங்கள் பெரும்பாலும் அடைக்கப்படும் 12 மில்லிலிட்டர் டப்பாவோ, ஸ்பெயினின் வயேஹோ நிறுவனம் நெடுங்காலம் விற்றுவந்த 17 மில்லிலிட்டர் சொட்டுக் குப்பியோ தீர்வதற்குப் பல மாதங்கள், சில நிறங்களில் பல ஆண்டுகள்கூட ஆகின்றன. வீட்டுச் சுவருக்கு வாங்கும் பெயின்ட் சில நாள்களில் செலவாகிவிட, சிற்றுரு வண்ணமோ தன் ஆயுளின் மிகப் பெரும்பகுதியைப் பயன்படாமல் காத்திருப்பதிலேயே கழிக்கிறது. இந்தக் காத்திருப்புக் காலத்தில் அதற்கு என்ன நேர்கிறது என்பதை அறிந்து பேணுவது, தூரிகையைப் பிடிக்கக் கற்பதற்கு நிகரான பயிற்சியாகும். ஐம்பது வீரர்களைக் கொண்ட ஒரு படையை ஈராண்டுகளில் சிறிது சிறிதாகத் தீட்டி முடிப்பவருக்கு, முதல் வீரனின் சிவப்பும் கடைசி வீரனின் சிவப்பும் ஒன்றாக அமைவது இந்தப் பயிற்சியையே சார்ந்திருக்கிறது.

குப்பிக்குள் இருப்பவை

எந்த வண்ணத்திலும் மூன்று முதன்மைக் கூறுகள் உண்டு. நிறத்தைத் தரும் நுண்துகள்கள் நிறமி எனப்படும். அத்துகள்களை ஒன்றோடொன்றும் பரப்போடும் ஒட்டவைக்கும் பிசின் பிணைப்பான் எனப்படும். இவ்விரண்டையும் திரவ நிலையில் தாங்கி நின்று, தீட்டிய பின் ஆவியாகிப் போகும் நீரோ கரைப்பானோ ஊடகம் எனப்படும். இவற்றோடு நுரையை அடக்கும் பொருள், குழைவைக் கூட்டும் பொருள், நுண்ணுயிர் வளராமல் தடுக்கும் பொருள் ஆகியவை மிகச் சிறு அளவில் சேர்க்கப்படுகின்றன. பிணைப்பானும் ஊடகமும் மாறும்போது வண்ணம் கெடும் விதமும் காக்கும் முறையும் மாறுவதால், தம் பெட்டியில் உள்ள குப்பி எந்த இனத்தைச் சேர்ந்தது என்பதை ஒவ்வொருவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்று சிற்றுருக் கலைஞர்கள் மிகுதியாகக் கையாளும் அக்ரிலிக் வண்ணம் ஒரு பால்மம். அதாவது, நீரில் கரையாத அக்ரிலிக் பிசின் நுண்ணிய மணிகளாக நீரில் பரவி நிற்கும் கலவை. நீர் ஆவியாகும்போது இம்மணிகள் நெருங்கி, அழுந்தி, ஒன்றாகி, தொடர்ச்சியான படலமாகின்றன. திரிந்த பால் மீண்டும் பாலாகாதது போல, இவ்வாறு படலமாகிவிட்ட அக்ரிலிக்கை நீர் ஊற்றி மறுபடியும் வண்ணமாக்க இயலாது. வண்ணம் உலர்வது உருவத்தின் மேல் நிகழ்ந்தால் வரமாகவும், குப்பியின் வாயில் நிகழ்ந்தால் கேடாகவும் முடிவதற்கு இதுவே காரணம்.

எனாமல் வண்ணம் வேறு வகையில் இறுகுகிறது. 1919இல் இங்கிலாந்தின் ஹல் நகரில் எண்ணெய் வணிகமாகத் தொடங்கிய ஹம்ப்ரால் நிறுவனம் 14 மில்லிலிட்டர் தகர டப்பாக்களில் விற்றுப் புகழ்பெற்ற இவ்வகையில், ஆல்கைடு என்னும் எண்ணெய் சார்ந்த பிசின் பெட்ரோலியக் கரைப்பானில் கரைந்திருக்கும். கரைப்பான் ஆவியான பின் பிசின் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று வேதிமாற்றம் அடைந்து கெட்டிப்படுவதால், எனாமலுக்கு நீர் இழப்பைவிட டப்பாவுக்குள் சிக்கிய காற்றே பெரும்பகை. மூன்றாவது இனமான லாக்கர் கரைப்பான் ஆவியாவதால் மட்டுமே உலர்கிறது. ஆகவே குப்பிக்குள் இறுகிய லாக்கரைப் பெரும்பாலும் அதற்குரிய தின்னரைச் சேர்த்து மீட்டுவிடலாம். தமியாவின் அக்ரிலிக், பெயரால் முதல் இனத்தோடு சேர்ந்தாலும், ஆல்கஹால் கலந்த கரைப்பானைக் கொண்டது. அதனால் அது கெட்டியாகும்போது நீரை விடுத்து, அந்நிறுவனமே தரும் எக்ஸ்-20ஏ தின்னரைச் சேர்ப்பதே முறையாகும்.

மூடியும் குப்பியின் கழுத்தும்

பாழாகிப்போன வண்ணங்களில் பெரும்பாலானவை மூடியால் கெட்டவையே. தூரிகையை விளிம்பில் வழித்தெடுக்கும்போதும், குப்பியைக் குலுக்கித் திறக்கும்போதும் கழுத்தில் ஒட்டும் மெல்லிய பூச்சு உலர்ந்து மேடாகிறது. அடுத்த முறை மூடும்போது மூடிக்கும் கழுத்துக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி உண்டாகி, அதன்வழியே நாள்தோறும் சிறிது நீர் ஆவியாகிறது. ஒவ்வொரு முறையும் மூடுவதற்கு முன் ஈரத்துணியால் கழுத்தையும் மூடியின் உட்புறத்தையும் துடைத்துவிடுவது சில நொடிகளில் முடியும் வேலை; வண்ணத்தின் ஆயுளை நீட்டிக்கும் பழக்கங்களில் இதற்கு இணையானது வேறில்லை. எனாமலுக்கும் லாக்கருக்கும் ஈரத்துணிக்குப் பதிலாக உரிய தின்னர் தோய்ந்த துணியைப் பயன்படுத்த வேண்டும். உலர்ந்து தோலாகிவிட்ட பூச்சைக் குப்பிக்கு வெளியே உரித்தெடுக்க வேண்டுமே தவிர உள்ளே தள்ளிவிடலாகாது. உள்ளே விழுந்த தோல் ஒருபோதும் கரையாது, சிறு கட்டிகளாகி உருவத்தின் முகத்தில் வந்து ஒட்டும்.

சொட்டுக் குப்பியில் காற்றுப் படும் பரப்பு மிகச் சிறிது என்பதாலும், தூரிகையை உள்ளே தோய்க்க வேண்டியதில்லை என்பதாலும், பலர் அகன்ற வாய் டப்பாவைவிட அதனை விரும்புகின்றனர். அதன் குறை மூக்கு அடைபடுவது. அடைப்பு ஏற்பட்டால் குப்பியை அழுத்திப் பிதுக்குவது ஆபத்தானது. அழுத்தம் தாங்காமல் மூக்கு கழன்று வண்ணம் முழுவதும் சிதறக்கூடும். மெல்லிய ஊசியால் துளையைக் குத்தித் திறப்பதும், மூக்கைத் தனியே கழற்றிக் கழுவுவதும் பாதுகாப்பான வழிகள். அகன்ற டப்பாவிலிருந்து சொட்டுக் குப்பிக்கு வண்ணத்தை மாற்றுவோர், வண்ணத்தின் பெயரையும் இனத்தையும் மாற்றிய நாளையும் புதிய குப்பியில் உடனே எழுதி ஒட்ட வேண்டும். எனாமலையும் லாக்கரையும் இத்தகைய மென்மையான பாலித்தீன் குப்பிகளுக்கு மாற்றலாகாது. அவற்றின் கரைப்பான் பாலித்தீனை ஊடுருவிச் சிறிது சிறிதாக வெளியேறிவிடும். கண்ணாடியும் தகரமுமே அவற்றுக்கு உகந்தவை. தகர டப்பாவின் மூடியை ஒரே இடத்தில் நெம்பினால் விளிம்பு வளைந்து மறுபடி பொருந்தாது. சுற்றிச் சுற்றிச் சிறிது சிறிதாகத் தூக்க வேண்டும்.

படிவும் கலக்கலும்

நிறமித் துகள்கள் ஊடகத்தில் கரைவதில்லை, மிதந்து நிற்கின்றன. ஆகவே அவை காலப்போக்கில் அடியில் படிவது இயற்கை. திரவத்தில் விழும் துகளின் வேகத்தை 1851இல் கணக்கிட்டுக் காட்டிய ஜார்ஜ் கேப்ரியேல் ஸ்டோக்ஸின் விதிப்படி, துகளின் விட்டம் இரு மடங்கானால் படியும் வேகம் நான்கு மடங்காகிறது. துகளுக்கும் திரவத்துக்கும் உள்ள அடர்த்தி வேறுபாடு மிகுந்தாலும், திரவத்தின் பிசுபிசுப்புக் குறைந்தாலும் வேகம் கூடுகிறது. வெள்ளை வண்ணத்துக்கு அடிப்படையான டைட்டானியம் டைஆக்சைடு நீரைப் போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி உடையது என்பதால், வெள்ளைக் குப்பிகளின் அடியில் கெட்டியான படிவு விரைவில் சேர்கிறது. உலோக நிறங்களில் உள்ள செதில்களும் பெரியவை, கனமானவை. பல நீல, பச்சை வண்ணங்களில் உள்ள கரிம நிறமிகள் இலேசானவை ஆதலால் நெடுநாள் மிதந்து நிற்கின்றன.

படிந்த வண்ணத்தைக் கலக்காமல் மேலாக எடுத்துத் தீட்டுவோர், நிறமி குறைந்து பிசின் மிகுந்த திரவத்தையே தீட்டுகின்றனர். பூச்சு ஒளி ஊடுருவும் வண்ணமாகவும் எதிர்பாராத பளபளப்போடும் அமைவதற்கு அதுவே காரணமாகும். அதனினும் பெரிய தீங்கு, ஊடகம் மட்டும் தொடர்ந்து செலவாகி, குப்பியில் எஞ்சுவது நிறமிக் களிமண்ணாக மாறிவிடுவது. எனவே ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன் ஒரு நிமிடமாவது குலுக்குவதும், பயன்படாத குப்பிகளையும் மாதம் ஒருமுறை எடுத்துக் குலுக்கி வைப்பதும் நல்ல வழக்கம். குமிழிகள் உண்டாவதைத் தவிர்க்க விரும்புவோர் குப்பியை இரு உள்ளங்கைகளுக்கிடையே உருட்டுகின்றனர். நூற்றுக்கணக்கான குப்பிகளை வைத்திருப்போர் ஆய்வுக்கூடங்களில் சோதனைக் குழாய்களைக் கலக்கப் பயன்படும் சுழல் கலக்கியை நாடுவதுண்டு.

குலுக்கல் பயன்தருவதற்குக் குப்பிக்குள் ஒன்றிரண்டு சிறு குண்டுகளை இடுவது பரவலான முறை. சாதாரண எஃகு குண்டுகள் நீர் சார்ந்த வண்ணத்தில் துருப்பிடித்து நிறத்தையே மாற்றிவிடும். ஈயக் குண்டுகள் நச்சுத்தன்மை உடையவை. கடல்நீரையும் தாங்கும் 316 வகைத் துருவேறா எஃகு, கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றால் ஆன, ஐந்தாறு மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளே தக்கவை. அடியில் இறுகிப்போன படிவை எந்தக் குண்டாலும் உடைக்க முடியாது என்பதால், அத்தகைய குப்பியின் மூக்கைக் கழற்றி, பல்குச்சியாலோ மெல்லிய கம்பியாலோ அடிவரை கிளறிய பின்னரே குலுக்க வேண்டும்.

நீர், ஊடகம், நுண்ணுயிர்

கெட்டிப்படத் தொடங்கிய அக்ரிலிக்கில் நீர் சேர்ப்பது முதலுதவியே. அதற்கும் அளவு உண்டு. ஆவியாகி இழந்த நீரை ஈடுசெய்யும் அளவுக்குச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்தால் வண்ணம் பழைய நிலையை அடையும். அளவுக்கு மிஞ்சினால் பிசின் மணிகள் ஒன்றையொன்று எட்டாமல் படலம் வலுவிழந்து, தீட்டிய பூச்சு விரல் பட்டாலே உதிரும். அதனால் அனுபவமிக்கோர் நீரோடு, நிறமி சேராத அக்ரிலிக் பிசினான மீடியத்தையும் சிறிது சேர்க்கின்றனர். சேர்க்கும் நீர் காய்ச்சி வடித்த நீராக இருத்தல் நலம்; ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள கால்சிய, மக்னீசிய உப்புகள் பால்மத்தின் சமநிலையைக் குலைத்துத் துகள்களைத் திரளச் செய்யக்கூடும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் வடிநீரோ, வாகன பேட்டரிக்கு ஊற்றுவதற்கென விற்கப்படும் தூய நீரோ இதற்குப் போதும். பேட்டரி அமிலத்தை நீரென்று மயங்கி வாங்கிவிடாதவாறு புட்டியிலுள்ள பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

நீர் சார்ந்த வண்ணம் நுண்ணுயிர்களுக்கு உணவும் இருப்பிடமுமாகும். உற்பத்தியாளர் சேர்க்கும் ஐசோதயசோலினோன் வகைப் பாதுகாப்புப் பொருள்கள் அவற்றைத் தடுத்துவைக்கின்றன. ஆனால் நீர் ஊற்ற ஊற்ற அப்பொருள்களின் செறிவு குறைகிறது. கழுவு நீரில் அலசிய தூரிகையை நேரே டப்பாவுக்குள் தோய்ப்பவர், அந்த அழுக்கு நீரில் வளர்ந்த நுண்ணுயிர்களையும் உடன் சேர்த்து உள்ளே விடுகிறார். அழுகிய முட்டை போன்ற நாற்றமும், குழைவிழந்து நீர்த்துப்போதலும் அத்தகைய கேட்டின் அறிகுறிகள். வண்ணத்தைச் சிறிது வெளியே எடுத்துத் தட்டில் வைத்துப் பயன்படுத்துவதும், எடுத்ததில் எஞ்சியதை மீண்டும் குப்பிக்குள் ஊற்றாதிருப்பதும் இதற்கான எளிய தடுப்பு முறைகள்.

கலந்த நிறத்தைச் சில நாள்கள் ஈரமாகவே வைத்திருக்க ஈரத்தட்டு உதவுகிறது. நீர் தோய்ந்த பஞ்சின்மேல் நீராவி ஊடுருவும் தாளை விரித்து, அதன்மேல் வண்ணத்தை இட்டு மூடிவைக்கும் தட்டே அது. மூடிய ஈரத்தில் பூஞ்சை எளிதில் பிடிக்கும் ஆதலால், பஞ்சின் நீரை அடிக்கடி மாற்றுவதும், பஞ்சைச் சோப்பிட்டு அலசுவதும் இன்றியமையாதவை. செம்புக்கு நுண்ணுயிர்களை ஒடுக்கும் தன்மை உண்டு என்பதால் சிலர் பஞ்சின் அடியில் செம்புத் துண்டு ஒன்றை வைக்கின்றனர்.

வைக்கும் இடம்

ஐரோப்பிய, அமெரிக்க நாடுகளில் குளிர்காலத்தில் கொட்டகையில் வைத்த அக்ரிலிக் உறைந்து கெடுவது பெருங்கவலை. நீர் உறையும்போது பிசின் மணிகள் பனிப் படிகங்களுக்கிடையே நெருக்கப்பட்டுத் திரண்டுவிடுகின்றன. பலமுறை உறைந்து உருகிய வண்ணம் புட்டு போலக் கட்டிதட்டி, மீட்க முடியாததாகிறது. வெப்ப நாடுகளில் கேடு எதிர்த் திசையிலிருந்து வருகிறது. வெப்பம் ஆவியாதலை விரைவுபடுத்துவதோடு, ஊடகத்தின் பிசுபிசுப்பைக் குறைத்துப் படிவையும் விரைவுபடுத்துகிறது. கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் வேலூர், திருச்சி போன்ற ஊர்களில் மொட்டை மாடிக்கு நேர் கீழேயுள்ள பரணும், வெயிலில் நிறுத்திய காரும் வண்ணம் வைக்கத் தகாத இடங்கள். வீட்டின் உட்புறச் சுவரை ஒட்டிய அலமாரியின் கீழ்த்தட்டு நன்று. கடலோர ஊர்களில் ஈரக்காற்றால் தகர டப்பாக்கள் துருப்பிடிக்கும் என்பதால், அவற்றை சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடிய பெட்டியில் வைப்பது உகந்தது.

வெயில் நேரே படும் சன்னல் ஓரத்தில் குப்பிகளை அடுக்கி அழகு பார்ப்பது வண்ணத்துக்குத் தீமை. புற ஊதாக் கதிர்கள் நிறமியை வெளுக்கச் செய்கின்றன, மின்னும் ஒளிர்நிறங்கள் எல்லாவற்றிலும் முதலில் வெளுக்கின்றன. குப்பிகளை நிமிர்த்தி வைப்பதே பொதுவாகச் சிறந்தது. தலைகீழாக வைத்த சொட்டுக் குப்பியில் நிறமி மூக்கில் படிந்து அடைத்துக்கொள்ளும். குப்பிகளை நிற வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றின் மூடியிலும் அதே வண்ணத்தை ஒரு பொட்டாகத் தீட்டிவைத்தால், தேடும் நேரமும் இருப்பதையே மறுபடி வாங்கும் செலவும் குறையும்.

எனாமல், லாக்கர், தின்னர், அழுத்தப்பட்ட வாயு கொண்ட ஸ்பிரே டப்பா ஆகிய யாவும் தீப்பற்றக்கூடியவை. சமையலறை, பூசை விளக்கு, மின் அடுப்பு ஆகியவற்றிலிருந்து விலக்கி, குழந்தைகளின் கைக்கு எட்டாமல் பூட்டிவைக்க வேண்டும். அவற்றைத் திறக்கும் அறையில் காற்றோட்டம் இருக்க வேண்டும். சில வண்ணங்களில் நச்சு நிறமிகள் இருக்கக்கூடும் என்பதால், தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கும் வழக்கத்தை அறவே விட வேண்டும்.

மீட்பதும் கைவிடுவதும்

பழைய குப்பியைத் திறக்கும்போது முதலில் மணத்தையும், பின்னர்த் தன்மையையும் சோதிக்க வேண்டும். கெட்டியாக இருந்தும் சீராகக் குழையுமாயின் நீரும் மீடியமும் சேர்த்து மீட்கலாம். தோலும் சிறு கட்டிகளும் இருந்தால் பழைய நைலான் காலுறையில் வடிகட்டலாம். மீட்ட வண்ணத்தை வீணான பிளாஸ்டிக் துண்டில் தீட்டி, ஒருநாள் உலரவிட்டு, நகத்தால் சுரண்டிப் பார்த்து, உதிராமல் ஒட்டியிருந்தால் மட்டுமே உருவத்தில் பயன்படுத்த வேண்டும். ரப்பர் போல் இழுபட்டாலோ, மணல் போல் நெருடினாலோ, அழுகல் நாற்றம் வீசினாலோ அதனைக் கைவிடுவதே அறிவுடைமை. சில மில்லிலிட்டர் வண்ணத்தைக் காக்க முயன்று பல மணிநேர உழைப்பில் உருவான சிற்றுருவை இழக்கலாகாது.

கைவிடும் வண்ணத்தைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றுவது தவறு. அக்ரிலிக்கைப் பழைய தாளில் பரப்பி முழுதும் உலர்த்திக் குப்பையில் சேர்க்கலாம். கரைப்பான் கலந்த வண்ணங்களையும் பயன்படுத்திய தின்னரையும் தனியே மூடிய புட்டியில் சேர்த்து, உள்ளாட்சி அமைப்பின் அபாயக் கழிவுச் சேகரிப்பில் ஒப்படைக்க வேண்டும். இந்தியாவின் 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வண்ண டப்பாக்களை வீட்டு அபாயக் கழிவாகவே வகைப்படுத்தின.

வண்ணத்தின் ஆயுளுக்கு முழுமையான காலக்கெடு எதுவும் இல்லை. நன்கு மூடி, நிழலில் வைத்து, அவ்வப்போது கலக்கிய குப்பி பத்தாண்டுகளுக்குப் பின்னும் புதியதுபோல் பயன்படும்; கழுத்தில் காய்ந்த பூச்சோடு மூடப்பட்ட குப்பி ஒரே கோடையில் இறுகிவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஈரத்துணி ஒன்றும், சிறு ஊசி ஒன்றும், ஒரு புட்டி வடிநீரும், மூடுவதற்கு முன் அரை நிமிடம் நின்று கழுத்தைத் துடைக்கும் பொறுமையும் போதும். புதிய நிறம் வாங்கக் கடைக்குப் புறப்படும் முன், பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் குப்பிகள் ஒவ்வொன்றையும் எடுத்துக் குலுக்கி, மூடியைத் துடைத்து வைப்பதை ஒவ்வொரு சிற்றுருக் கலைஞரும் வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.